பார்த்த கயிறு

"ஆசானே, நாளைக்கு நான் இந்தக் கயித்துலதான் இறங்குவேன். வேற கயித்தத் தொட மாட்டேன்."

ஆவுடையப்பன் தாம்பாளத்தை நீட்டினார். தாம்பாளத்தில் வாழை இலை. இலையில் வட்டமாகச் சுருட்டி வைத்த கயிறு. கயிற்றுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம்.

ஆசான் கோபுரத்தின் நிழலில் உட்கார்ந்து ஒரு கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"எறும்பு ஏறுது அண்ணாச்சி."

ஏறத்தான் செய்தது. தாம்பாளத்தின் விளிம்பில் தொடங்கி, கயிற்றின் வளைவுகளைச் சுற்றி, அவருடைய கட்டைவிரல் வரைக்கும் வரிசை போட்டு வந்திருந்தது. பாலில் குளிப்பாட்டிய கயிறு. எறும்பு ஏறாமல் என்ன செய்யும்?

ஆசானுக்குப் பெயர் முப்பிடாதி. வயது முப்பத்து மூன்று. கோபுரங்களில் முளைத்துவிடும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் கயிற்றில் தொங்கியபடி வேரோடு எடுப்பது அவளுடைய வேலை. அதற்கென்று ஒரு சிறு குழு வைத்திருந்தாள்.

சீடர் அவளைவிட இருபது வயது மூத்தவர். தென்னை ஏறியவர், செல்போன் டவருக்குப் பெயின்ட் அடித்தவர். உயரம் அவருக்குப் பழைய சிநேகிதம். கயிறுதான் புதிது. இந்தக் குழுவில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது.

முதல் வாரம் அவர் கேலியாகத்தான் "ஆசானே" என்று கூப்பிட்டார். கொஞ்ச நாளில் கேலி போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது.

*

கோபுரத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு கயிறு.

ஒன்று வேலைக் கயிறு. உடம்பு தொங்குவது அதில்தான்.

இன்னொன்று உயிர்க் கயிறு. அது சும்மா கூடவே வரும். ஒரு வேலையும் செய்யாது. வேலைக் கயிறு அறுந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும்.

போன செவ்வாய்க்கிழமை அது விழித்துக்கொண்டது.

நாலாவது நிலையில், ஒரு யாளியின் கழுத்தைச் சுற்றி வேர்விட்டிருந்த அரசங்கன்றைப் பிடுங்க ஆவுடையப்பன் பக்கவாட்டில் எட்டினார். மேலே வேலைக் கயிறு ஓர் ஆணியில் உரசியது. எப்போதோ திருவிழாவுக்குச் சீரியல் பல்பு கட்ட அடித்த ஆணி. பல்பைக் கழற்றியவர்கள் ஆணியைக் கழற்றவில்லை.

கயிறு அறுந்தது. அவர் விழுந்தார்.

ஓர் ஆள் உயரம்தான் விழுந்திருப்பார். உயிர்க் கயிறு பிடித்துக்கொண்டது. சுதைச் சிற்பமாக நின்ற துவாரபாலகரின் மூக்குக்கு நேர் எதிரே, அவரும் துவாரபாலகரும் ஒருவரை ஒருவர் முழித்துப் பார்த்தபடி, கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தார்.

ஆசான் இன்னொரு கயிற்றில் இறங்கி வந்து அவரைத் தரையில் சேர்த்தாள்.

தரைக்கு வந்ததும் அவர் தண்ணீர் கேட்கவில்லை. கயிற்றைக் கேட்டார். வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். மற்றவர்கள் தண்ணீருக்கும் சோடாவுக்கும் ஓடிய நேரத்தில், கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டில் அவர் மனைவி உலகம்மாள் கயிற்றை வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுத்தாள். புருஷனுக்கு எடுத்தாளா என்று கேட்டால், அவருக்கும் எடுத்தாள், இரண்டாவதாக.

மஞ்சள் தண்ணீரில் அலசினார்கள். பாலில் குளிப்பாட்டினார்கள். மொட்டை மாடி வெயிலில் நாள் முழுக்கக் காயப்போட்டார்கள். பூஜை அறையில் மாட்டிச் சூடம் காட்டினார்கள். சூடத்தின் சுடர் ஓரத்தைக் கொஞ்சம் தொட்டும் பார்த்தது. ஒரு கயிற்றுக்கு என்னென்ன செய்யக் கூடாதோ அத்தனையையும் அந்த வீட்டில் பக்தியோடு செய்து முடித்திருந்தார்கள்.

ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு, இன்று மத்தியானம் அந்தக் கயிற்றோடு வந்து நிற்கிறார்.

*

ஆசான் பேனாக்கத்தியை எடுத்து விரித்தாள். இலையில், கதம்பத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எதுக்கு ஆசானே?"

"வெட்டணும் அண்ணாச்சி."

"எத?"

அவள் கயிற்றைப் பார்த்தாள்.

ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்தது. "இது என் உயிரப் பிடிச்ச கயிறு."

"ஆமா."

"இது இல்லேன்னா இந்நேரம் என் வீட்ல பந்தல் போட்டு ஒப்பாரி வச்சிருப்பாவ."

"ஆமா."

"அதப் போயி வெட்டச் சொல்லுதீங்க."

"ஆமா."

"நன்றின்னு ஒன்னு இருக்குல்லா?"

"இருக்கு."

"எங்க இருக்கு?"

இதற்கு ஆமா போட முடியாது. ஆசான் தாம்பாளத்தை அவர் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தாள். எதிரே உட்காரச் சொன்னாள்.

"கண்ண மூடிக்கிடுங்க. கயித்தத் தடவுங்க. மெதுவா."

அவர் தடவினார்.

"என்ன தெரியுது?"

"குங்குமம்."

"அதுக்குக் கீழ?"

"சந்தனம்."

"அதுக்குக் கீழ?"

"தெரியலயே. பொட்டு மறைக்குது."

"தொடச்சிட்டுப் பாருங்க."

அவர் தோள் துண்டால் துடைத்தார். மனசில்லாமல்தான் துடைத்தார். பிறகு மறுபடியும் தடவிக்கொண்டே போனார். மேலுறை முறுமுறுவென்று இருந்தது. வெயிலும் பாலும் செய்த வேலை. ஓரிடத்தில் விரல்கள் நின்றுவிட்டன.

"என்ன?"

"இங்கன ஒரு மாதிரி இருக்கு. எலும்பு இல்லாத மாதிரி. மெத்துன்னு இருக்கு."

"எவ்வளவு தூரத்துக்கு?"

"ஒரு சாண் இருக்கும்."

"அங்கதான் உங்களப் பிடிச்சுது. உள்ள இழை நைஞ்சிட்டு."

ஆவுடையப்பன் கண்ணைத் திறந்தார். அந்த ஒரு சாண் கயிற்றை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மற்ற இடம் போலத்தான் இருந்தது.

பெருவிரலால் அதை வருடியபடி கேட்டார்.

"வலிச்சிருக்குமோ?"

"கயித்துக்கா?"

"ம்."

ஆசான் சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று அவரும் நினைக்கவில்லை.

"அது ஒருக்கா பிடிக்கதுக்குத்தான் வந்துது. பிடிச்சிட்டு. இனி அதுகிட்ட எதும் கேக்காதீங்க அண்ணாச்சி."

"நான் தொங்கல. வீட்ல ஊஞ்சல் கட்டிக்கிடுதேன். பேத்தி ஆடட்டும்."

"பேத்தி ஆடவா?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"மாட்டுக்குக் கட்டுதேன்."

"அறுத்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடினா?"

"அப்ப சும்மா பூஜை ரூம்ல தொங்கட்டும். யாருக்கு என்ன கஷ்டம்?"

"தொங்கட்டும். நல்ல கயிறா சும்மா தொங்குதேன்னு என்னைக்காவது ஒருத்தர் எடுப்பாரு. உங்க மருமவன் எடுப்பாரு. கெணத்துல எறங்குவாரு."

அவருடைய மருமகன் கிணறு தூர் வாருகிறவர்தான்.

ஆவுடையப்பன் கத்தியை எடுத்தார்.

"கயித்துக்கு ஒன்னு ஆச்சுன்னா வீட்டுப் படி ஏறாதீங்கன்னு உலகம்மா சொல்லித்தான் அனுப்பியிருக்கா," என்றார்.

"அக்காட்ட நான் வந்து சொல்லுதேன்."

அவர் வெட்டினார். கயிறு லேசில் விடவில்லை. அந்தச் சாண் தவிர மற்ற இடமெல்லாம் இன்னும் முறுக்கோடுதான் இருந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டு, அடுத்து ஒரு துண்டு. இனி யாரும் அதை எதற்கும் கட்ட முடியாது. வெட்டுகிறபோது கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அவர் துடைக்கவில்லை. கை அழுக்கு.

எலும்பில்லாத அந்த ஒரு சாண் துண்டை மட்டும் தனியே எடுத்து வைத்தார்.

"இத நான் வச்சிக்கிடட்டுமா?"

ஆசான் அதை விரலால் அளந்து பார்த்தாள். ஓர் எலியைக்கூடக் கட்டித் தொங்கவிட முடியாத நீளம்.

"வச்சிக்கிடுங்க."

அவர் அதைச் சட்டைப் பையில், நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொண்டார்.

*

"ஆனா ஒன்னு ஆசானே."

"சொல்லுங்க."

"நான் இனி ஏற மாட்டேன்."

அவள் கத்தியை எடுத்து மடக்கினாள்.

"அந்தக் கயிறுன்னா அதுக்கு என்னத் தெரியும். புதுசுக்கு நான் யாரு? ஆவுடையப்பனா, அரிசி மூட்டையான்னு அதுக்கு என்ன வந்துது?" சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "பயமா இருக்கு. நேத்து எங்க வீட்டு மாடிப்படியில கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு இறங்குதேன். தென்ன மரத்துல ஒத்தக் கையில தொங்கினவன் நான். பொழப்பே அதுதான். இப்ப இதும் போச்சுன்னா நான் என்னத்தப் பண்ணுவேன்?"

இப்படி அவர் யாரிடமும் சொன்னதில்லை. உலகம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

"சரி. ஏற வேண்டாம்," என்றாள் ஆசான். "நாளைக்கு நான் இறங்குதேன். நீங்க என் கயித்தப் பாருங்க."

ஆவுடையப்பன் நிமிர்ந்தார்.

இந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் கயிற்றை அவரவர் பார்த்துக்கொண்டால் போதாது. இன்னொருவர் பார்க்க வேண்டும். கயிற்றின் முழு நீளம், முடிச்சு, கட்டிய கல், கயிறு போகிற வழி, எல்லாம். இறங்குகிறவர் விளிம்பில் நின்று, கடைசியாகப் பார்த்தவரின் பெயரை உரக்கச் சொல்வார். "இன்னார் பாத்த கயிறு!" அந்த ஆள் "பாத்தேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வந்த பிறகுதான் கால் விளிம்பைத் தாண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் இறங்கலாம். ஆனால் அடுத்தவர் கயிற்றைப் பார்க்க அனுமதி கிடையாது. அதற்கு ஆசான் சொல்ல வேண்டும்.

இது ஆவுடையப்பனுக்கு ஆரம்பத்திலிருந்தே வேடிக்கையாக இருந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தொங்குகிற வேலையை முதல் நாளே கொடுக்கிறார்கள். நிழலில் உட்கார்ந்து தடவுகிற வேலைக்குத் தகுதி வேண்டுமாம்.

விழுந்த அன்று காலையில் அவர் கயிற்றைப் பார்த்தவன் கொம்பையா. நாற்பது வயது, வாய் அதிகம் பேசாதவன். அங்குலம் அங்குலமாக விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏ கொம்பையா, கயித்துக்கு மாலிஷ் பண்ணுதியா? விடுடே, வெயில் ஏறுது," என்றார்.

கொம்பையா நிறுத்தவில்லை. பார்த்து முடித்தான். உயிர்க் கயிற்றை மட்டும் எடுத்து வேறொரு கல்லில் மாற்றிக் கட்டினான். அது கல் விளிம்பில் மடங்குகிற இடத்தில், பழைய தீயணைப்புக் குழாயில் வெட்டிய ஒரு துண்டை மெத்தை மாதிரி வைத்தான். ஆவுடையப்பன் பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்லுகிற மாதிரி "கொம்பையா பாத்த கயிறூ!" என்று இழுத்துச் சொன்னார். "பாத்தேன்" என்று பதில் வந்ததா என்று காது கொடுத்துக்கூடக் கேட்கவில்லை. இறங்கிவிட்டார்.

இப்போது கேட்டார், "நான் பாக்கதா? உங்க கயித்தயா?"

"ஆமா."

"எனக்கு இன்னும் அது தெரியாதே."

"அந்த ஒரு சாணக் கண்ண மூடிக்கிட்டுக் கண்டுபிடிச்சது யாரு?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

*

மறுநாள் காலை.

கோபுரத்தின் உள்ளே மேல்நிலைக்குப் போகிற மரப்படிகள் வௌவால் எச்சத்தில் வழுக்கின. ஆவுடையப்பன் ஏறினார். ஏழாவது நிலைக்கு வந்ததும் வெளிச்சம் வருகிற வாசலை விட்டுத் தள்ளி, சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

கயிறுகள் அவர் மடிக்கு வந்தன.

முதல் கயிற்றை எடுத்தார். கண்ணை மூடினார். இடது கையிலிருந்து வலது கைக்கு, விரல்களுக்கு நடுவே உருட்டி உருட்டி விட்டார். ஓரிடத்தில் நின்றார். காரைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அதற்குக் கீழே நன்றாக இருக்கிறதா என்று வளைத்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை வளைத்துப் பார்த்தார்.

இரண்டாவது கயிற்றுக்கும் அப்படியே.

கொம்பையா படியில் உட்கார்ந்திருந்தான். சூரியன் வாசலுக்குள் ஒரு கட்டம் வெயிலைப் போட்டது. அந்தக் கட்டம் மெல்ல நகர்ந்து அவன் காலுக்கு வந்தது.

"அண்ணாச்சி, மாலிஷ் முடிஞ்சுதா?" என்றான் கொம்பையா.

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. விரல் மட்டும் நிற்கவில்லை.

முடிச்சுகளைப் பார்த்தார். வேலைக் கயிறு வாசலின் கல் நிலைச்சட்டத்தில் கட்டியிருந்தது. உயிர்க் கயிறு உள்ளே தள்ளி ஒரு கல் தூணில். இரண்டையும் ஒரே தூணில் கட்டினால் என்ன, வேலை சுருக்கமாக முடியுமே என்று அவரே முன்பு கேட்டிருக்கிறார். இன்று தூணைக் கையால் தட்டிப் பார்த்தார். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். பிறகு கல் நிலைச்சட்டத்துக்குப் போய் அதையும் தள்ளினார்.

இனி கயிறு வெளியே போகிற வழி. அதைப் பார்க்க வேண்டுமானால் வாசலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டும்.

அவர் வாசலைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. வானம் மட்டும் இருந்தது.

"நான் பாத்துச் சொல்லட்டுமா அண்ணாச்சி?" என்று கொம்பையா கேட்டான். அவன் நல்லவன்.

"வேண்டாம்டே. இறங்குதது அவங்க. பாக்கேன்னு சொன்னது நான்."

கொம்பையா ஒரு புதுக் கயிற்றைத் தூணில் கட்டி, மறுமுனையை அவர் இடுப்புப் பட்டையில் மாட்டினான். ஆவுடையப்பன் தரையில் படுத்தார். தவழ்ந்தார். நெஞ்சு வரைக்கும் வெளியே நீட்டினார்.

கீழே தெப்பக்குளம் ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கயிறு போகப்போகிற வழியைப் பார்த்தார். குழாய்த் துண்டு விளிம்பில் சரியாக இருந்தது. கயிறு நேராக விழுகிற இடத்தில் கூர்மையாக ஒன்றும் இல்லை. எல்லாம் சரி.

சரி என்று சொல்ல வாயெடுத்தவர் நின்றார்.

"ஆசானே, கன்னு எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது பக்கம்."

"அப்ப நீங்க இடது பக்கமா நகருவீங்க."

"ஆமா."

"நீங்க நகந்தா கயிறும் நகரும்."

"ஆமா."

அவர் இன்னும் கொஞ்சம் வெளியே நீண்டார். இடுப்பு வரைக்கும் இப்போது வெளியேதான் இருந்தது. ஒரு கந்தர்வனின் தோளுக்குப் பின்னால், நேராகப் பார்த்தால் தெரியாத இடத்தில், அன்றைக்குப் போலவே இன்னோர் ஆணி நின்றது. அதில் சீரியல் பல்பின் பச்சை ஒயர் ஒரு விரல் நீளத்துக்கு இன்னும் சுற்றியிருந்தது.

"இங்க வேண்டாம்," என்றார். "ஆணி இருக்கு. ரெண்டு கயித்தயும் அடுத்த வாசலுக்கு மாத்தணும்."

ஆசான் அவர் பக்கத்தில் படுத்து எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் பாக்கல," என்றாள்.

எல்லாவற்றையும் அவிழ்த்தார்கள். கொக்கி, குழாய்த் துண்டு, முடிச்சு, எல்லாம் அடுத்த வாசலுக்குப் போயின. ஆவுடையப்பன் முதலிலிருந்து ஆரம்பித்தார். கயிறு, முடிச்சு, கல், வழி. வெயில் நன்றாக ஏறிவிட்டது. கொம்பையா இந்தத் தடவை தண்ணீர் பாட்டிலை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

ஆசான் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். இரண்டு கயிற்றிலும் தன்னைப் பூட்டிக்கொண்டாள். விளிம்புக்கு முதுகைக் காட்டி, அவரைப் பார்த்தபடி நின்றாள்.

"ஆவுடையப்பன் பாத்த கயிறு!"

பதில் இல்லை.

அவருக்கு வாய் வரவில்லை. ஒரு சின்னச் சொல். அன்றைக்கு அவர் காதில் வாங்காத அதே சொல்.

"ஒரு நிமிசம் ஆசானே."

ஓடிப்போய்த் தூணில் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். நிலைச்சட்டத்துக்கு வந்து அந்த முடிச்சையும் தொட்டார். விளிம்பில் மண்டியிட்டுக் குழாய்த் துண்டை அமுக்கிப் பார்த்தார். அவள் இடுப்பில் கொக்கிகளின் திருகைத் திருகிப் பார்த்தார். இதற்குமேல் தொடுவதற்கு ஒன்றும் மீதி இல்லை.

ஆசான் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை, தைரியமும் சொல்லவில்லை.

மறுபடியும் சொன்னாள்.

"ஆவுடையப்பன் பாத்த கயிறு!"

"பாத்தேன்," என்றார்.

அவள் பின்னால் சாய்ந்தாள். கால் விளிம்பைத் தாண்டியது. கயிறு இறுகியது.

*

அவள் கீழே வேலை செய்த நேரம் முழுவதும் ஆவுடையப்பன் வாசலில் முழங்காலிட்டு, உயிர்க் கயிற்றின் மேல் இரண்டு விரலை வைத்திருந்தார். இழுக்கவில்லை, பிடிக்கவும் இல்லை. சும்மா வைத்திருந்தார். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அப்படி.

அவள் இடது பக்கம் நகர்ந்தாள். கயிறும் நகர்ந்தது. ஒன்றிலும் உரசவில்லை. ஆணி எட்டாத தூரத்தில், எதற்கும் உதவாமல், வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

கன்று வேரோடு வந்தது. அதைச் சாக்கில் போட்டுக் கட்டினாள். நிலை நிலையாக இறங்கினாள். யாளியைக் கடந்தாள், துவாரபாலகரைக் கடந்தாள். கால் தரையில் பட்டது.

கயிறு தளர்ந்தது. உயிர்க் கயிறு இன்றைக்கு விழிக்கவே இல்லை.

ஆவுடையப்பன் எழுந்து படிகளில் இறங்கி ஓடினார். வழுக்கும் படி, வௌவால் எச்சம், ஒன்றும் நினைவில் இல்லை. கைப்பிடியைப் பிடித்தாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இடுப்பில் மாட்டிய புதுக் கயிறு இன்னும் கொக்கியோடு பின்னால் இழுபட்டு வந்தது. இவர் எழுந்தபோது கொம்பையாதான் தூணிலிருந்து அவிழ்த்துவிட்டிருந்தான். காலையிலிருந்து அந்தப் புதுக் கயிற்றை நம்பித்தான் வெளியே எட்டிக்கொண்டிருந்தோம் என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஆசான் நிழலில் கொக்கிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு ஆசானே?" மூச்சு வாங்கியது.

"ஒன்னும் ஆகல."

அவள் கையுறையைக் கழற்றிக் கீழே போட்டாள். அவருடைய இரண்டு கையையும் பிடித்தாள். கயிற்றுத் தூசியும் காரையும் அப்பிய கைகள். அந்தப் பத்து விரலையும் சேர்த்து எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். முதலில் வலது கண். அப்புறம் இடது கண்.

"ஐயையோ! என்ன ஆசானே இது? என் கையப் போயி!"

அவள் கையை விட்டாள். தண்ணீர் குடிக்கக் குழாய்ப் பக்கம் போய்விட்டாள்.

ஆவுடையப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். தன் கைகளைப் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டார். மறுபடியும் கைகளைப் பார்த்தார்.

கோபுர வாசலில் கொம்பையா வந்துகொண்டிருந்தான். தோளில் கயிற்றுச் சுருள். வழக்கம்போல ஒன்றும் பேசாமல், உட்கார்ந்து, கயிற்றைப் பிரித்து, ஒரு முனையிலிருந்து விரலில் உருட்டிப் பார்க்க ஆரம்பித்தான்.

ஆவுடையப்பன் ஓடினார். அவன் முன்னால் மண்டியிட்டார். கயிற்றைத் தள்ளிவிட்டு அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார்.

கொம்பையா பதறிவிட்டான்.

"அண்ணாச்சி! என்ன அண்ணாச்சி? யாருக்கு என்னாச்சு?"

"ஒன்னும் ஆகலடே," என்றார் ஆவுடையப்பன். "யாருக்கும் ஒன்னும் ஆகல."